மகாராணியின் தோடும் கரிசல் காட்டுக் கிஸ்தியும்

வைரத் தோட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. எத்தனை காரட், நீரோட்டம் எப்படி, புள்ளி உண்டா, தோஷம் உண்டா, ப்ளூ ஜாகர்தானா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தத் தோடு வாங்கின பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதையாகவும் இராது!

இந்த வாரம் அந்த மரியாதைக் குறைவான காரியத்தைத்தான் செய்யப் போகிறோம். தோட்டைக் காதில் போட்டுக் கொண்டவள் இங்கிலாந்து தேசத்து மகாராணி. அதை அனுப்பி வைத்தவர் சேப்பாக்கத்தில் இருந்த ஒரு பெரிய மனிதர். அவருக்கு வரி செலுத்தின சீமைகளில் ஒன்று நம் திருநெல்வேலிச் சீமை. ஆகவே, குருவிகுளத்திலிருந்து புறப்படலாம்.

குருவிகுளம் எங்கே இருக்கிறது, தெரியுமோ? சங்கரன்கோவிலுக்கு ஆடித் தபசு பார்க்கப் போயிருப்பீர்கள். கோமதியம்மன் தவம் நின்று, சங்கரரும் நாராயணரும் ஒரே வடிவாய்க் காட்சி தந்த தலம். அங்கிருந்து கிழக்கே கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கமாகப் போகப் போக மண்ணின் நிறம் கறுத்துக் கொண்டே வரும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற மண். ஒரு மழை பெய்துவிட்டாலோ, காலை எடுக்க விடாமல் செருப்பைப் பிடித்துக் கொள்கிற மண். பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் விளைகிற, வானம் பார்த்த பூமி. அந்தக் கரிசல் காட்டில் குருவிகுளம் ஒரு பழைய ஜமீன் ஊர். இன்றைக்குத் தென்காசி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை இடம். பெயரிலேயே குளத்தை வைத்துக் கொண்டிருக்கிறது, பாருங்கள். இந்தக் 'குளம்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். லண்டன் பார்லிமெண்டில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

சுமார் இருநூற்றெழுபது வருஷங்களுக்கு முன்னே இந்தச் சீமைக்கு யார் ராஜா என்று கேட்டால், அது லேசான கேள்வி அல்ல. மதுரை நாயக்கர்களின் ஆட்சி அஸ்தமித்த பிறகு, ஆங்காங்கே கோட்டை கட்டிக் கொண்டிருந்த பாளையக்காரர்கள்தான் ராஜாக்கள். அவர்களுக்கெல்லாம் மேலே நான் இருக்கிறேன், எனக்குக் கப்பம் கட்டு என்றார் ஆற்காட்டு நவாபு. சொன்னால் போதுமா? வசூல் செய்யப் பட்டாளம் வேண்டாமா? நவாபிடம் பட்டாளம் போதவில்லை. ஆங்கிலேயக் கும்பினியிடம் இருந்தது.

1755-ல் கர்னல் ஹெரான் என்பவரின் தலைமையில் கும்பினிப் பட்டாளமும், நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் சேர்ந்து தெற்கே வந்தார்கள். சங்கரன்கோவிலுக்கு மேற்கே நெற்கட்டும்செவலில் பூலித்தேவரிடம் இருபதாயிரம் ரூபாய் கேட்டார்கள். 'தர முடியாது' என்று பதில் வந்தது. மதிலை உடைக்கிற பெரிய பீரங்கி வெள்ளைக்காரனிடம் இல்லை என்பது பூலித்தேவருக்குத் தெரிந்திருந்தது! கர்னல் வந்த வழியே திரும்பினார். நெல் கட்ட மறுத்த ஊராகையால் நெற்கட்டான்செவல் என்று பெயர் மாறியதாக அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். பிறகு யூசுப்கான் பெரிய பீரங்கிகளோடு வந்து 1761-ல் அந்தக் கோட்டையைப் பிடித்தது தனிக் கதை. அதே யூசுப்கானை 1764-ல் மதுரையில் நவாபும் கும்பினியும் தூக்கிலிட்டதும் இன்னொரு தனிக் கதை.

நம் கதை, வசூலான பணம் எங்கே போயிற்று என்பது.

கடன் பட்டார் நெஞ்சம்

நவாபின் பெயர் முகமது அலி வாலாஜா. சென்னையில் வாலாஜா ரோடு இருக்கிறதே, அந்த வாலாஜாதான். தகப்பனார் அன்வருத்தீன்கான் 1749-ல் ஆம்பூர்ச் சண்டையில் மாண்டு போக, பிள்ளை திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஓடி ஒளிந்தார். பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிபை நவாபு ஆக்கப் பார்த்தார்கள். ஆங்கிலேயர்கள் முகமது அலியை ஆதரித்தார்கள். 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தது உங்கள் குழந்தைகளின் பாடப் புஸ்தகத்தில் கூட இருக்கும். கடைசியில் முகமது அலி ஜெயித்தார்.

ஜெயித்தவுடன் ஒரு பில் வந்தது. 'உனக்காக நாங்கள் சண்டை போட்டோம் அல்லவா? செலவு உன்னுடையது' என்றது கும்பினி. திருச்சிச் சண்டை, புதுச்சேரி முற்றுகை, மதுரை முற்றுகை எல்லாமே நவாபின் பற்றில் எழுதப்பட்டன.

இவ்வளவு பணத்துக்கு நவாபு எங்கே போவார்? கும்பினியில் சம்பளம் வாங்குகிற துரைமார்களிடமே, அவர்களுடைய சொந்த ஹோதாவில் கடன் வாங்கினார். நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து என்று வட்டி. அதைக் கொண்டுபோய்க் கும்பினிக்குக் கட்டினார். வேடிக்கையைக் கவனியுங்கள், அம்மா! பகலில் கவுன்சில் மேஜையில் உட்கார்ந்து, 'நவாபு பாக்கியை உடனே கட்ட வேண்டும்' என்று உத்தரவு போடுகிற அதே துரைதான், சாயங்காலம் சேப்பாக்கத்துக்குப் போய், 'கட்டப் பணம் இல்லையா? நான் தருகிறேன், இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்' என்பது. நம் ஊர் மார்வாடிக் கடைக்குக் கூட இவ்வளவு சாமர்த்தியம் போதாது.

கையெழுத்துக்கு ஈடு என்ன? ஊர்கள். இன்ன சீமையின் வரி வசூலை இன்ன துரைக்கு எழுதிக் கொடுத்தேன் என்று ஒரு சீட்டு. 'தன்கா' என்று பெயர். அதைக் கையில் வைத்துக் கொண்டு துரையின் துபாஷியும் அவனுடைய ஆட்களும் கிராமத்துக்கு வருவார்கள். பயிர் அறுப்பாகிக் களத்துக்கு வரும் வரையில் கூடக் காத்திருக்க மாட்டார்கள். நிற்கிற பயிரின் பேரிலேயே பணம் வேண்டும். குடியானவன் எங்கே போவான்? அவனும் வட்டிக்கு வாங்கிக் கட்டுவான். மேலே நவாபு பட்ட கடன் கீழே குடியானவன் பட்ட கடனாக இறங்கி வந்து சேரும். வரியில் ஒரு பங்கை ஒதுக்கிக் குளத்துக்குக் கரை போடுவது, மடை பழுது பார்ப்பது, தூர் வாருவது என்று நம் பக்கத்தில் காலங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. வசூலில் கடைசிக் காசு வரையில் கடன்காரன் கொண்டு போனால், கரையை யார் பார்ப்பது?

1767-ல் இந்தக் கடன்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். சுமார் 8,80,000 பவுன் வந்தது. வட்டியை நூற்றுக்குப் பத்தாகக் குறைத்தார்கள். கடன் குறையவில்லை. 1777-ல் மறுபடி கூட்டிப் பார்த்தபோது, புதிய கடன் மட்டும் சுமார் 24 லட்சம் பவுன் ஏறியிருந்தது. அதற்கு வட்டி பன்னிரண்டு.

நவாபைப் பச்சாத்தாபப்பட வேண்டிய அப்பாவி என்று நினைத்துவிடாதீர்கள். கடன்காரர்களையே தன் கட்சிக்காரர்களாக ஆக்கிக் கொள்ளலாம் என்பதை இவரைப்போல் கண்டுபிடித்தவர் அதிகம் இல்லை. நூறு ரூபாய் பாக்கி வைத்தால் கடன் கொடுத்தவன் நம்மை விரட்டுவான். லட்சக் கணக்கில் பாக்கி வைத்தால், நமக்குத் தலைவலி வந்தால் கூட அவன் வைத்தியரைக் கூட்டிக் கொண்டு ஓடி வருவான்! நவாபின் ராஜ்யம் நிலைத்தால்தான் பத்திரத்துக்கு மதிப்பு. ஆகவே நவாபுக்காகச் சென்னைக் கவுன்சிலில் பேச ஆள் இருந்தது. லண்டனில் பேசவும் ஆள் தயாராகிக் கொண்டிருந்தது.

ராஜாவுக்கு ராஜா

1763-ல் இங்கிலாந்தும் பிரான்சும் பாரீஸ் நகரத்தில் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையில், கர்நாடகத்தின் சட்டபூர்வமான நவாபு முகமது அலி என்று எழுதிவிட்டார்கள். எழுதினவர்களுக்கு அது ஒரு வரி. நவாபுக்கோ அது பொக்கிஷம். 'இங்கிலாந்து மன்னரும் நானும் சம அந்தஸ்துள்ள நண்பர்கள். நடுவில் இந்த வியாபாரிகள் யார்?' என்று அவர் நினைக்க ஆரம்பித்தார். கும்பினிக்குத் தெரியாமல் நேரே ஜார்ஜ் மன்னரிடம் பேச ஒரு தூதரைத் தேடினார்.

கிடைத்த ஆளைப் பாருங்கள். ஜான் மாக்பெர்ஸன் என்று ஒரு ஸ்காட்லாந்து வாலிபர். கப்பலில் கணக்குப் பார்க்கிறவர். மின்சார வேடிக்கையும் மாய விளக்குப் படமும் காட்டுகிறேன் என்ற சாக்கில் நவாபின் அரண்மனைக்குள் நுழைந்தார். வேடிக்கை முடிந்து வெளியே வரும்போது அவர் நவாபின் ரகசியத் தூதர்! 1768-ல் லண்டனுக்குப் போய், அப்போதைய பிரதம மந்திரி கிராப்டன் பிரபுவையே சந்தித்து நவாபின் குறைகளைச் சொன்னார். வெகுமதிகள் கொடுக்கவும் முன்வந்தார். பிரபு வாங்கிக் கொள்ளவில்லை. ஆனால் காரியம் நடந்தது. 1770-ல் ஸர் ஜான் லிண்ட்ஸே என்ற கடற்படை அதிகாரி, ஜார்ஜ் மன்னரின் பிரதிநிதியாக, நவாபுக்கு மன்னர் எழுதிய கடிதத்தோடு சென்னையில் வந்து இறங்கினார். சேப்பாக்கத்தில் ஒரே கோலாகலம். கோட்டையில் கும்பினிக் கவுன்சிலார் முகத்தில் ஈயாடவில்லை. தங்கள் தலைக்கு மேலே ராஜாவும் நவாபும் கை குலுக்கிக் கொண்டால் அவர்கள் பாடு என்ன ஆவது?

லிண்ட்ஸேக்குப் பிறகு ஸர் ராபர்ட் ஹார்லண்டு வந்தார். அவரும் நவாபின் பக்கமே பேசினார். ஓர் இந்தியக் குடும்பம் இங்கிலாந்து ராஜாங்கத்தையே இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடக்கப் பார்த்தது, நாம் நினைத்துப் பார்க்கக் கூட இல்லாத துணிச்சல். இதில் நவாபுக்கு வீட்டு விவகாரமும் ஒன்று இருந்தது. மூத்த பிள்ளை உம்தத்-உல்-உமராவை விட இரண்டாவது பிள்ளை அமீர்-உல்-உமராவின் பேரில் தகப்பனாருக்குப் பிரியம் அதிகம். பட்டத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கிற உரிமை வேண்டும் என்றால் மன்னரின் தயவு வேண்டாமா? பெரிய குடும்பங்களில் சொத்துச் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, சேப்பாக்கத்திலிருந்து விண்ட்ஸர் வரையில் என்று கணக்கு வைத்துக் கொள்ளலாம்.

இங்கேதான் தோடு வருகிறது. ஜார்ஜ் மன்னரின் மனைவி சார்லட் மகாராணி. பதினைந்து குழந்தைகள் பெற்ற மகராசி. நகைகளின் பேரில் ஆசை உள்ளவள். 1777-ல் நவாபு அவளுக்கு ஐந்து வைரங்களை அனுப்பினார். அவற்றில் இரண்டு, பேரிக்காய் வடிவத்தில் தொங்கும் கற்கள். ஒன்று முப்பத்து மூன்று காரட்டுக்கு மேல். மற்றொன்று இருபத்து மூன்று காரட்டுக்கு மேல். மகாராணி அவற்றைத் தோடாகவே அணிந்துகொண்டாள். திருநெல்வேலிக் கிஸ்தியில் எத்தனை வராகன் அந்தக் கல்லுக்குள் போயிற்று என்று பிரித்துச் சொல்ல எந்தத் தட்டானாலும் முடியாது. ஆனால் அந்த வருஷத்தில்தான் 24 லட்சம் பவுன் கடன் பத்திரம் எழுதப்பட்டது.

தோட்டின் பிற்காலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. 1818-ல் மகாராணி காலமானபோது, இந்த வைரங்களை விற்று நான்கு பெண்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்படி உயிலில் எழுதி வைத்தாள். மகன் நான்காம் ஜார்ஜ் தானே வைத்துக் கொண்டுவிட்டான்! 1837-ல் ஏலத்துக்கு வந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு, மனைவிக்கென்று அந்த இரண்டு கல்லையும் 11,000 பவுனுக்கு வாங்கினார். 1930-ல் அந்தக் குடும்பத்தார் ஒரு கிரீடத்தில் பதித்தார்கள். 1959-ல் கிரீடம் ஹாரி வின்ஸ்டன் என்ற அமெரிக்க வியாபாரிக்கு 1,10,000 பவுனுக்கு விலை போயிற்று. அவர் கற்களைத் திரும்பப் பட்டை தீட்டி, இரண்டையும் தனித்தனியே பிரித்து விற்றுவிட்டார். சிறிய கல் 17 காரட்டாக மெலிந்து, 2019-ல் நியூயார்க் ஏலத்தில் முப்பத்து மூன்று லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று.

விலைக்கு வாங்கிய நாற்காலிகள்

ராஜாவின் கதை இப்படி. பார்லிமெண்டின் கதை இன்னும் ருசிகரம்.

தஞ்சாவூரின் பேரில் நவாபுக்கு வெகு நாளாகக் கண். 1773-ல் கும்பினிப் பட்டாளத்தின் துணையால் தஞ்சையைப் பிடித்துத் துளஜா மகாராஜாவைச் சிறை வைத்தார். உடனே தஞ்சையின் நெல்லைக் காட்டிக் கடன் வாங்கினார். லண்டனில் டைரக்டர்கள் இதை ஒப்பவில்லை. லார்டு பிகட் என்பவரைக் கவர்னராக்கி அனுப்பினார்கள். அவர் 1776-ல் துளஜாவைத் திரும்பச் சிம்மாசனத்தில் உட்கார்த்தினார். உட்கார்த்தினதுதான் தாமதம், பால் பென்பீல்டு என்ற ஒருவர் முன்னே வந்து நின்றார். 'தஞ்சையின் பேரில் எனக்கு 2,34,000 பவுன் பாக்கி வர வேண்டும்' என்றார்.

யார் இந்தக் குபேரன்? கும்பினியின் உத்தியோகஸ்தர், சேப்பாக்கம் மாளிகையைக் கட்டினவர் என்று சொல்லப்படுகிறவர். சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுன். அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் குதிரைக்குக் கொள்ளும் போக மிச்சம் பிடித்து இரண்டேகால் லட்சம் பவுன் கடன் கொடுத்திருக்கிறார் என்றால், அவருடைய சிக்கனத்தை நாம் எல்லோரும் கற்றுக் கொள்ள வேண்டியதுதான்!

பிகட் கணக்குக் கேட்டார். கவுன்சிலில் பெரும்பாலோர் பென்பீல்டு பக்கம் சேர்ந்தார்கள். கவுன்சிலில் பலர் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள்தானே. 1776 ஆகஸ்டு 24-ஆம் தேதி சாயங்காலம், வண்டியில் போய்க் கொண்டிருந்த கவர்னரையே கைது செய்தார்கள்! பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். மறு வருஷம் மே மாதம் அவர் காவலிலேயே இறந்து போனார். இதற்குப் பின்னால் சேப்பாக்கத்துப் பணம், முக்கியமாக இரண்டாவது பிள்ளை அமீர்-உல்-உமராவின் கை, இருந்தது என்று அப்போதே ஊரெல்லாம் பேச்சு. கைது செய்த கவுன்சிலார் நான்கு பேரை லண்டனில் விசாரித்தார்கள். 1780-ல் தீர்ப்பு வந்தது: தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம். அவ்வளவுதான்.

லண்டனில் நண்பர்கள் இருந்தால்தான் பிழைக்கலாம் என்று இதில் ஒரு பாடம் படித்துக் கொண்டார் பென்பீல்டு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பார்லிமெண்டு மெம்பர் ஆவது இப்போதுபோல் கஷ்டமான காரியமல்ல. சில ஊர்களில் ஓட்டர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். வீடு வீடாகப் போய்ப் பேரம் பேசி முடித்துவிடலாம். சில ஊர்கள் ஒரே பிரபுவின் சொத்து. அவரிடம் சில ஆயிரம் பவுன் கொடுத்தால் நாற்காலி நம்முடையது. கிரிக்லேடு என்று ஓர் ஊர். அதற்கு இரண்டு மெம்பர்கள். 1780 தேர்தலில் ஒரு நாற்காலி பென்பீல்டுக்கு. மற்றொரு நாற்காலி நம் மாய விளக்கு மாக்பெர்ஸனுக்கு! அந்த ஊரில் ஓட்டு வியாபாரம் அவ்வளவு நாற்றமெடுத்ததால், 1782-ல் பார்லிமெண்டு அதற்கென்று தனிச் சட்டம் போட்டு, சுற்று வட்டாரத்து ஜனங்களுக்கும் ஓட்டுரிமை கொடுக்க வேண்டியதாயிற்று. ஜான் மாக்பெர்ஸனின் உறவினர் ஜேம்ஸ் மாக்பெர்ஸனும் நவாபின் ஏஜெண்டுதான். அவர் காமல்போர்டு என்ற ஊருக்கு மெம்பர். 1780 முதல் 1796-ல் சாகிற வரையில். ஸ்காட்லாந்தின் பழங்காலக் கவிஞர் ஒருவரின் பாட்டைக் கண்டெடுத்தேன் என்று சொல்லித் தானே எழுதி வெளியிட்டவர் என்று பெயர் வாங்கினவரும் இவர்தான். பொய்ப் பத்திரங்களுக்கு ஏற்ற ஏஜெண்டு!

1780-ஆம் வருஷப் பார்லிமெண்டில் பென்பீல்டு ஒருவரே எட்டு மெம்பர்களை உண்டாக்கினார் என்று பிற்பாடு எட்மண்ட் பர்க் சபையிலேயே குற்றம் சாட்டினார். மாக்பெர்ஸனோ கிரிக்லேடை விட்டு விலகி, இந்தியாவுக்கு வந்து, 1785-ல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்குப் பிறகு கவர்னர் ஜெனரல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்தாயிரம் குளங்கள்

இதற்கிடையில் 1780-ல் ஹைதர் அலி கர்நாடகத்தின் மேல் வந்து விழுந்தார். ஊர்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது. நவாபிடம் சண்டைக்குக் காசு இல்லை. 1781 டிசம்பரில் ராஜ்யத்தின் வரி வசூலையே கும்பினியிடம் ஒப்படைத்தார். திருநெல்வேலிக்கும் கும்பினியின் ஆட்கள் வசூலுக்கு வந்தார்கள். 1783-ல் கர்னல் புல்லர்டன் படையோடு வந்து பாஞ்சாலங்குறிச்சியையும் சிவகிரியையும் தாக்கினார். கப்பம் கேட்கிற கை மாறியதே தவிர, கேட்பது நிற்கவில்லை.

1784-ல் இங்கிலாந்தின் பிரதம மந்திரி சின்ன பிட். இந்த பிட் குடும்பத்துக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அவருடைய கொள்ளுத் தாத்தா தாமஸ் பிட், சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தபோது 48,000 வராகனுக்கு ஒரு பெரிய வைரம் வாங்கினார். 1717-ல் பிரான்சு தேசத்து அரசாங்கத்துக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். அதிலிருந்து எழுந்ததுதான் அந்தக் குடும்பத்தின் செல்வாக்கு. ஆகவே சென்னையிலிருந்து வரும் வைரம் இங்கிலாந்தில் என்னவெல்லாம் செய்யும் என்று பிட்டுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நவாபின் கடன்களை நன்றாக விசாரித்து, நிஜக் கடன் எது, பொய்க் கடன் எது என்று பிரித்த பிறகே கொடுக்க வேண்டும் என்று கும்பினியின் டைரக்டர்கள் நினைத்தார்கள். இந்திய விவகாரங்களைக் கவனித்த டண்டாஸ் என்ற மந்திரி அதைத் தள்ளிவிட்டு, விசாரணையே இல்லாமல் கர்நாடக வருமானத்திலிருந்து வருஷத்துக்கு 12 லட்சம் வராகன் கொடுக்கும்படி உத்தரவு போட்டார். சுமார் 4,80,000 பவுன்! தேர்தலில் செய்த உதவிக்கு இது பிரதி உபகாரம் என்று எதிர்க்கட்சியார் கூச்சலிட்டார்கள்.

1785 பிப்ரவரி 28-ஆம் தேதி ராத்திரி, எட்மண்ட் பர்க் எழுந்து பேசினார். மணிக்கணக்காகப் பேசினார். நவாபின் கையில் ஒரு காசு கூட வந்து சேராத கடன்கள் இவை என்றார். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத அந்த மனிதர், நம் குளங்களைப் பற்றிப் பேசினார் என்றால் நம்புவீர்களா? கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரம் ஏரி குளங்களுக்குக் குறையாது என்று கணக்குச் சொன்னார். மண்ணாலும் கல்லாலும் கரை போட்டு, மடை வைத்து, ஊர் கூடி வெட்டிய குளங்கள். தாங்கள் செத்த பிறகும் ஜனங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த அரசர்களின் ஞாபகச் சின்னங்கள் என்று புகழ்ந்தார். வரி முழுவதையும் பென்பீல்டு வகையறா கொண்டுபோனால், உடைந்த கரையை எதைக் கொண்டு கட்டுவது என்று கேட்டார்.

எந்த ஊர்க் குளத்தின் பெயரையும் அவர் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் குருவிகுளத்துக் குடியானவர் ஒருவர் அன்று அந்தச் சபையின் மாடத்தில் உட்கார்ந்திருந்தால், பேச்சில் வேறொன்றும் புரியாவிட்டாலும் இது மட்டும் புரிந்திருக்கும்.

பர்க்கையும் முழுச் சந்நியாசி என்று எடுத்துக் கொள்ள வேண்டாம். அவருடைய நெருங்கிய உறவினர் வில்லியம் பர்க், தஞ்சாவூர் ராஜாவின் ஏஜெண்டு! நவாபுக்கு லண்டனில் ஆள் என்றால், தஞ்சைக்கும் ஆள். அப்படி இருந்தும் குளத்தைப் பற்றி அவர் சொன்னது நிஜம்தான்.

ஓட்டெடுத்தார்கள். பர்க் பக்கம் 69. மந்திரிகள் பக்கம் 164. உத்தரவு நின்றது.

கடைசிக் கணக்கு

இத்தனை செல்வாக்கும் நவாபின் குடும்பத்தைக் காப்பாற்றிற்றா? 1792-ல் செய்த புது உடன்படிக்கையில், பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கிற உரிமையும் கும்பினியின் கைக்குப் போய்விட்டது. 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைப் பார்க்காத குடும்பம் உண்டா? அதில் வரி கேட்கிற ஜாக்ஸன் துரைக்கு, கேட்கிற அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது சேப்பாக்கத்து மேஜையில் கையெழுத்தான இந்தக் காகிதத்திலிருந்துதான். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். குருவிகுளத்திலிருந்து கயத்தாறு அப்படியொன்றும் தூரமில்லை.

முகமது அலி 1795-ல் காலமானார். நாற்பத்தாறு வருஷம் நவாபாக இருந்தவர். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்கு நிலம் கொடுத்தது இந்த நவாபு குடும்பந்தான் என்று சென்னையில் சொல்வது உண்டு. அந்தப் புண்ணியத்தையும் கணக்கில் சேர்த்துக் கொள்வோம். செல்லப் பிள்ளை அமீர்-உல்-உமரா தகப்பனாருக்கு முன்னே, 1788-லேயே போய்விட்டார். ஆகவே பட்டம் மூத்த பிள்ளைக்கே வந்தது. அத்தனை கடிதமும் வைரமும் அந்த வகையில் வீண். 1801 ஜூலை 15-ஆம் தேதி அவரும் இறந்தார். பதினாறே நாளில், ஜூலை 31-ஆம் தேதி, கர்நாடக ராஜ்யம் முழுவதும் கும்பினிக்கு என்று உடன்படிக்கை ஆயிற்று. குடும்பத்துக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும், வெறும் பட்டமும் மிஞ்சின. 1855-ல் அந்தப் பட்டமும் போயிற்று. 1867-ல் 'ஆற்காட்டு இளவரசர்' என்ற புதுப் பட்டம் கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்தார் இன்றும் ராயப்பேட்டை அமீர் மகாலில் வசித்து வருகிறார்கள்.

பென்பீல்டு? எத்தனையோ நாற்காலிகளை வாங்கி விற்றவர், வியாபாரத்தில் நொடித்துப் போய், 1810-ல் பாரீஸில் செத்துப் போனார். அடக்கம் செய்யவே அங்கிருந்த ஆங்கிலேயர்கள் சந்தா வசூலிக்க வேண்டியதாயிற்று.

ஆள்கள் போனார்கள், பத்திரங்கள் போகவில்லை. 1805-ல் நவாபின் கடன்களை விசாரிக்க லண்டனிலும் சென்னையிலும் கமிஷனர்களை உட்கார வைத்தார்கள். அதற்கென்று வருஷம் 3,40,000 வராகன் ஒதுக்கினார்கள். 'எனக்கு வர வேண்டும்', 'எனக்கு வர வேண்டும்' என்று வந்து குவிந்த பத்திரங்களின் மொத்தம் 3 கோடி பவுனுக்கு மேல்! இருபது வருஷத்துக்கு மேல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நியாயமான கடன் என்று ஒப்புக் கொண்டது சுமார் 27 லட்சம் பவுன். மீதி எல்லாம் தள்ளுபடி. பத்தில் ஒரு பங்கு கூடத் தேறவில்லை.

அந்த 27 லட்சமும் கர்நாடகத்து வரிப் பணத்திலிருந்துதான் கொடுக்கப்பட்டது.